நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அக்கா

சூரமங்கலம், சேலம்
18 ஜூன் 1939

அன்புள்ள அக்காவுக்கு,

தெய்வநாயகி வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் உன் மகள் ராமாயியும் சுகம். நீயும் மாமாவும் குட்டி சின்னாயியும் சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் எங்களுக்கு நிம்மதி.

வியாழக்கிழமை ராமாயியை முதல் ஃபாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்த்துவிட்டேன். தலைமையாசிரியை அம்மாள் அவளை அருகில் அழைத்து, "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "பண்ணயம் பண்றாருங்க" என்றாள். குரல் வெளியே வந்ததே பெரிது. வகுப்பில் போய்ப் பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாளாம். பக்கத்துப் பெண் காலைத் தொங்கப்போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு மேல் வகுப்புகளுக்குச் சரித்திரம் எடுக்கும் வேலை. அதனால் அவள் என் வகுப்பில் இல்லை. வராந்தாவில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆசிரியையின் வீட்டுப் பெண் என்று மற்றவர்கள் அவளை ஒதுக்கிவிடக் கூடாது அல்லவா?

ஆரம்பப் பள்ளியில் ஒரே வாத்தியார் இருந்தார். இங்கே மணிக்கு மணி ஆசிரியை மாறுகிறார். ஒவ்வொருவரும் வீட்டுப் பாடம் கொடுக்கிறார்கள். இங்கிலீஷ் இப்போதுதான் தொடங்குகிறது. முதல் மூன்று மாதம் பிள்ளைகள் இளைத்துப் போவார்கள், எரிந்து விழுவார்கள், ஊருக்குப் போகவேண்டும் என்பார்கள். அதைக் கேட்டுப் பெற்றவர்கள் பயந்து பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். தலைமையாசிரியை வருஷா வருஷம் இதைச் சொல்லி வருத்தப்படுகிறார். நீ பயப்படாதே.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அக்கா. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு கடிதம் போட்டால் போதும்.

உன் அன்புத் தங்கை,
தெய்வநாயகி

*

எருமப்பட்டி
பிரமாதி வருஷம், ஆனி 20

செல்லத் தங்கச்சி தெய்வநாயகிக்கு,

அக்காள் பூவாத்தாள் ஆசையோடு எழுதுவது. இங்கே மழை ஒரு உழவு பெய்தது. எல்லோரும் சுகம்.

உன் கடிதம் வந்தது. என் கைக்கு நேராக வரவில்லை. உன் மாமாவின் தம்பி தீர்த்தகிரி தபாலாபீசில் வாங்கி, வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டு, வாசலில் நுழையும்போதே என்னைப் பார்த்து, "ஏனுங் நங்கை, உங்க புள்ள பெஞ்சி மேல சம்மணம் போட்டு உக்காந்துதாமா? எலை போட்டாங்களா இல்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டு வந்தான். ஆறாவது வரை படித்த கொழுப்பு. இந்த வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் அவன் கண்ணில் பட்ட பிறகுதான் என் கைக்கு வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது. நான் எழுதுவதை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.

உன் மாமாவின் சுபாவம் உனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை, ஆனால் சொன்ன சொல்லில் நிற்பார். மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "பெரியவளாகற வரைக்கும் படிக்கட்டும். ஆனதும் ஊட்டுக்கு வந்துரோணும். அதுக்கு மேல ஆரும் என்னையக் கேக்கக் கூடாது." தீர்த்தகிரிக்கு அதுவே அதிகமாகத் தெரிகிறது. அவளுக்குப் பன்னிரண்டு முடிந்து நாலு மாதம் ஆகிறது. நான் தினமும் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி முடியும்? நானும் அஞ்சாவது வரை படித்தவள்தானே. எனக்கும் ஒரு வேலை சொல். அவள் இந்த மாதம் பூகோளத்தில் எந்தச் சீமையைப் படிக்கிறாள் என்று எழுது. களை வெட்டும்போது நானும் அதை நினைத்துக்கொண்டிருப்பேன். ஊருக்கு வரும்போது அவளிடம் ஒரு கேள்வியாவது கேட்கத் தெரிய வேண்டும். ஒருநாள் வந்து பார்க்கட்டுமா என்றும் எழுது.

சின்னாயிக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. அக்கா எங்கே என்று கேட்டால் பஸ் போகும் மேற்குப் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

அன்புள்ள அக்காள்,
பூவாத்தாள்

*

சூரமங்கலம்
20 ஆகஸ்டு 1939

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராமாயி அதை மூன்று முறை படித்துவிட்டு, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் ஒரு மாதம் மிகவும் கஷ்டப்பட்டாள். வகுப்பில் ஏதோ கேட்டதற்கு, "எங்கூட்ல" என்று தொடங்கியிருக்கிறாள். அதிலிருந்து சில பெண்கள் அவளைக் கண்டால், "உங்கூட்ல என்னங்க கொழம்பு?" என்று ராகம் போடுகிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை. எனக்கும் இதே நடந்தது. பட்டணத்துக் காலேஜில் நாலு வருஷம் நான் வாய் திறக்காமலே பாஸ் செய்தேன். இன்றைக்கும் ஆசிரியைகள் அறையில் ஜன்னலோர நாற்காலிதான் என் இடம். அதனால் அவளிடம் தைரியமாகப் பேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்துக்களை எழுத வைக்கிறேன். அது எனக்குச் சுலபமாக வருகிறது.

இப்போது சற்றுத் தேவலை. ஓமலூரிலிருந்து வரும் ஒரு பெண் சிநேகமாகியிருக்கிறாள். அவளுடைய அப்பாவும் பண்ணையம்தான்.

வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாய். இப்போது வேண்டாம், அக்கா. உன்னைப் பார்த்தால் அவள் அழுவாள். அவள் அழுதால் நீ அழுவாய். ஒரு வாரப் பாடம் போய்விடும். இங்கே இருக்கப் பழகட்டும். பாடம் என்ன என்று கேட்டு நீ சிரமப்பட வேண்டாம். காட்டு வேலையும் வீட்டு வேலையும் உனக்குப் போதாதா?

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை,
தெய்வநாயகி

*

எருமப்பட்டி
பிரமாதி வருஷம், புரட்டாசி 18

செல்லத் தங்கச்சிக்கு,

பூவாத்தாள் எழுதுவது. கோபித்துக்கொள்ளாதே. நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் நான் வந்தேன்.

நாமக்கல் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் நம்மூர்க் கண்ணுசாமிதானே கண்டக்டர். "என்னக்கா, தங்கச்சியூட்டுக்குங்களா?" என்றான். ஆமாம் என்று ஏறிவிட்டேன். சேலம் வந்து விசாரித்து உன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி அடித்தது. பெண்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். வேலிக்கு வெளியே புளியமரத்துப் பக்கம் நின்றுகொண்டேன். ராமாயி இன்னும் மூன்று பெண்களோடு வந்தாள். கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தாள். ஒரு பெண் ஏதோ சொல்ல, வாயிலிருந்த தண்ணீர் சிந்தச் சிரித்தாள். மறுபடி மணி அடித்ததும் ஓடிப்போனாள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றுபோயிருக்கும். நீ சொன்னது சரிதான், உன்னைக் கூப்பிட்டாலும் அவளுக்குத் தெரிந்துபோகும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கொண்டுவந்த எள்ளுருண்டையைக் கண்ணுசாமி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் இதைச் சொல்லாதே.

தீபாவளிக்கு இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. நல்ல சங்கதிதான். தபாலில் எழுத முடியாது. நீ எழுதும் பதில் முதலில் யார் கண்ணில் படும் என்று உனக்கே தெரியும்.

அன்புள்ள அக்காள்,
பூவாத்தாள்

*

சூரமங்கலம்
5 நவம்பர் 1939

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு எங்களால் வர முடியாது. மன்னித்துக்கொள். தீபாவளி முடிந்ததும் பரீட்சை தொடங்குகிறது. ராமாயிக்கு இங்கிலீஷில் இன்னும் பிடிப்பு வரவில்லை. நாலு நாள் ஊருக்கு வந்தால் மறந்துவிடுவாள். சென்ற வாரம் அவளுக்கு வயிற்று வலி வந்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மழைக்காலத்துத் தண்ணீர்தான் காரணம். இப்போது சரியாகிவிட்டது. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

சந்தோஷமான செய்தி ஒன்று. பூகோளத்தில் வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். கோதாவரியும் கிருஷ்ணாவும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்க்காமல் படம் போடுகிறாள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள். முன்னைவிடப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பெரிய பள்ளிக்கூடத்துப் பாடத்தின் பளுவாக இருக்கும்.

நேரில் சொல்ல வேண்டிய சங்கதியைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். அநேகமாக என் கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும். இருந்தால் அவசரமில்லை.

எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
தெய்வநாயகி

*

எருமப்பட்டி
பிரமாதி வருஷம், தை 6

தங்கச்சி தெய்வநாயகிக்கு,

பூவாத்தாள் எழுதுவது. தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பொங்கலன்று வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் மாமா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதற்குப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தீர்த்தகிரி என்ன சொல்கிறான் தெரியுமா? "சேலத்துல இன்னொருத்தி பி.ஏ. தயாராகறா. உங்க தங்கச்சி கழுத்துல இன்னும் ஒண்ணையுங் காணோம், இவளுக்கும் அதே கதிதானுங்க." உலையில் அரிசி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். ஆனால் ஒன்று எழுதுகிறேன். பெற்றவளிடம் பிள்ளையைக் காட்டாமல் வைத்துப் படிக்கவைப்பதுதான் பெரிய பள்ளிக்கூடத்து வழக்கமா? அவள் எழுதும் கடிதமும் சுருங்கிவிட்டது. நான் நலம், படிக்கிறேன் என்று இரண்டு வரிதான் வருகிறது. முன்பெல்லாம் சாப்பிட்டது முதல் எழுதுவாள்.

பங்குனியில் மாரியம்மன் நோன்பு. அதற்கு ராமாயியை நீ அனுப்பியே ஆக வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். எங்கள் பங்காளி வகையில் முதல் மாவிளக்குத் தட்டை வயதுக்கு வராத பெண் பிள்ளைதான் எடுக்க வேண்டும். மூன்று வருஷமாக அவள்தான் எடுக்கிறாள். சின்னாயிக்கு இன்னும் தட்டுப் பிடிக்கும் பலம் இல்லை. இந்தத் தடவை பரீட்சை என்று எழுதாதே. நீயும் கூட வா. நான் சொல்ல நினைத்ததை இன்னும் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காள்,
பூவாத்தாள்

*

சூரமங்கலம்
3 ஏப்ரல் 1940

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமையோடு வருஷப் பரீட்சை முடிகிறது. சனிக்கிழமை ராமாயியைக் கண்ணுசாமியின் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன். நோன்பு முடிந்து பத்து நாளில் திருப்பி அனுப்பிவிடு. கோடை விடுமுறையில் இரண்டாம் ஃபாரத்து இங்கிலீஷைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். என்னால் வர முடியவில்லை. விடைத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன.

அவளை நிறைய வேலை வாங்காதே. களைத்திருக்கிறாள். தட்டு எடுக்கும் விஷயத்தில், இந்த வருஷம் தீர்த்தகிரி மகளை எடுக்கச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார். ராமாயிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை.

உன் அன்புத் தங்கை,
தெய்வநாயகி

*

எருமப்பட்டி
விக்கிரம வருஷம், வைகாசி 12

தெய்வநாயகிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கண்ணுசாமி கையில் கொடுத்து, உன்னிடம் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றரை மாதமாக நான் எழுதவில்லை. எழுதக்கூடிய நிலையில் வீடு இல்லை.

நோன்பு நன்றாக நடந்தது. ராமாயிதான் தட்டு எடுத்தாள். தீர்த்தகிரி மகளுக்குக் கையில் சிரங்கு. தட்டைத் தலையில் வைக்கும்போது ராமாயிக்கு உடம்பு நடுங்கியது. பட்டணத்துக் கூச்சம் என்று நினைத்தேன். "நட சாமி, அம்மா பொறத்தாலயேதான வாரேன்" என்றேன். கோவில்வரைக்கும் நடந்தாள்.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் சின்னாயிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் முத்துப் போட்டது. ஊரில் ஏழு வீட்டில் அம்மை. மற்ற வீடுகளில் லேசாகப் பார்த்துப் போய்விட்டது. நம் வீட்டில் மூன்று தண்ணீர் ஊற்ற முப்பது நாள் ஆயிற்று. பிள்ளை பிழைத்துவிட்டாள். இரண்டு கண்ணும் போய்விட்டது. நாமக்கல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். உன் மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதுவரைக்கும் எழுதியது விதி என்று வைத்துக்கொள்கிறேன். இனி எழுதுவது உனக்கு.

சின்னாயிக்குக் கண் மூடிக்கொண்ட ஏழாம் நாள் ராமாயி என்னிடம் வந்தாள். நான் வேப்பிலை அரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, என்னாலதானுங்க" என்றாள். என்ன என்றேன். "நான் ஐப்பசியிலயே பெரியவளாயிட்டனுங்க. சின்னம்மா ஆருகிட்டயுஞ் சொல்ல வேண்டாம்னாங்க. அதோட தட்டை எடுத்துட்டனுங்க. ஆத்தா என்னைய உட்டுட்டு பாப்பாவைப் புடிச்சிட்டாங்க." சொல்லிவிட்டு அழவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தவள்போல நின்றாள்.

ஐப்பசியில் அவளுக்கு வயிற்று வலி என்று எழுதினாய். மழைக்காலத்துத் தண்ணீர் என்று எழுதினாய். ஆறு மாதம் என் மகள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

நான் தபாலில் எழுத முடியாது என்ற சங்கதி என்ன தெரியுமா? போன ஆவணியிலேயே உன் மாமாவிடம் பேசி முடித்துவிட்டேன். மூன்று நாள் நான் சோறு தொடவில்லை. நாலாம் நாள் இறங்கி வந்தார். அவள் பெரியவளானால் மேளம் கிடையாது, பந்தல் கிடையாது. நம் அண்ணன் வந்து தாய்மாமன் முறைக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டிவிட்டுப் போவார். ஒன்பது நாள் குடிசையில் இருப்பாள், பத்தாம் நாள் பஸ் ஏற வேண்டியது. அண்ணனிடமும் நானே போய்ச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். தீர்த்தகிரிக்கு முன்கூட்டித் தெரிந்தால் பங்காளிகளைக் கூட்டிக் கலைத்துவிடுவான். அதனால்தான் எழுதவில்லை. இப்போது போலக் கண்ணுசாமியிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆசைப்பட்டேன். அது என் தப்பு.

நீ பெரியவளானபோது அப்பன் உன் புத்தகத்தை அடுப்பில் போடப் போனார். பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, உன்னைப் பதினாறாம் நாள் விடுதிக்கு அனுப்பியது யார்? உனக்குச் செய்ததை என் மகளுக்குச் செய்யமாட்டேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ராமாயி புத்தகங்களை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "இனி நாந்தானுங்க பாப்பாவுக்குக் கண்ணு" என்கிறாள். விரலைப் பிடித்து வெளியே கூட்டிப் போகிறாள், சோறு ஊட்டுகிறாள், பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் என்று நான் எடுத்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். உன் மாமா அனுப்புகிறேன் என்கிறார். நானும் அனுப்புகிறேன் என்கிறேன். போகமாட்டேன் என்பது அவள்தான்.

பூவாத்தாள்

*

சூரமங்கலம்
29 மே 1940

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சின்னாயியை நினைக்கும்போது எழுத்து ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், "இது எல்லோருக்கும் வருவதுதான். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் படிப்பு நின்றுவிடும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிறகு அடுத்த அறைக்குப் போய் நாலாம் ஃபாரத்து நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுதது கேட்டது. நாற்பது பெண்களுக்கு முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. உனக்கு எழுதவும் கூச்சம்தான். மாமா சொன்ன வார்த்தையை நினைத்துப் பயம். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. படித்த எனக்குத்தான் தெரியும், உங்களுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம். அதை இப்போதுதான் பார்க்கிறேன். உன் வீட்டுக்கு வராமல் ஒளிந்ததும் அதனால்தான். என் முகத்தைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். ஆனால் ராமாயி நம்புவது பொய், அக்கா. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் தன் தங்கையின் கண்ணைத் தானே எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு உயிரோடு இருப்பது எப்படி என்று என்னால் நினைக்க முடியவில்லை. யார் தலையில் தட்டு இருந்தது என்று பார்த்து அம்மை வருவதில்லை. ஊரில் ஏழு வீட்டில் வந்திருக்கிறது. அந்த ஏழு வீட்டுப் பெண்களுமா தட்டு எடுத்தார்கள்?

இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்கலாமா என்று பலமுறை யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார். ராமாயிக்குக் குத்திய இடம் முன்பு புண்ணாகி ஒரு மாதம் அவதிப்பட்டாள் என்று, நீ சின்னாயியைச் சோளக் குதிருக்குள் இறக்கி வாயில் வெல்லத்தைக் கொடுத்து ஒளித்துவைத்தாய். அவர் போகும்வரை பிள்ளை சத்தம் போடவில்லை என்று நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் சிரித்தேன். பி.ஏ. படித்த நானும் சிரித்தேன். அம்மை குத்திக்கொண்ட ராமாயி அதே வீட்டில் அதே பாயில் படுத்தும் அவளுக்கு ஒரு முத்துகூட வரவில்லை. ஒளித்துவைத்த பிள்ளைக்கு வந்தது. காரணம் இதுதான். வேறு காரணம் இல்லை.

இதை ராமாயியிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள். அவளுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தவள் நான். நீ சொன்னால்தான் நம்புவாள். உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே கேட்கிறேன். இரண்டாம் ஃபாரத்துக்குத் தேறியிருக்கிறாள். ஜூன் 24 திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

இதையும் கண்ணுசாமியிடமே கொடுக்கிறேன்.

தெய்வநாயகி

*

எருமப்பட்டி
விக்கிரம வருஷம், ஆனி 5

தெய்வநாயகிக்கு,

உன் கடிதத்தை முதலில் நான் மட்டும் படித்தேன். படித்துவிட்டுப் பத்து நாள் மடித்து வைத்திருந்தேன். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தோம். அண்ணன் வந்து ஓலைக் குடிசை கட்டினார். ஒன்பது நாள் ராமாயி அதில் இருந்தாள். சின்னாயி வெளியே ஓலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்த்தகிரி ஒரு பேச்சும் பேசவில்லை. அவன் சின்னாயியைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிறான்.

பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ராமாயியைப் பக்கத்தில் உட்கார வைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன்னைப் பற்றி நீ எழுதியதையும் விடாமல் படித்தேன். குதிர் என்று வந்த இடத்தில் எனக்கு நாக்கு ஓடவில்லை. "மேல படிங்கம்மா" என்றாள். படித்தேன். கடைசிவரைக்கும் படித்தேன்.

"அப்ப நான் இல்லீங்களா?" என்றாள்.

"நீ இல்ல சாமி. நாந்தான்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வெல்லங் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து வெளியே போனாள். அன்றைக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். அவளே பரண்மேல் ஏறி மூட்டையை இறக்கிப் புத்தகங்களை வெயிலில் வைத்தாள்.

நீ சொன்னபடியே நான் சொன்னதும் நம்பினாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். சின்னாயியை நான் தூக்கினால் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். என் கையில் பிள்ளையை விட அவளுக்கு மனமில்லை. அப்படி இருப்பவள் எப்படிப் பள்ளிக்கூடம் போகச் சம்மதித்தாள் என்று நீ கேட்கலாம். இந்த வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் போகிறாள். படிப்புக்காகப் போகிறாளா என்று எனக்குத் தெரியாது. போகட்டும்.

"சின்னவளை ஆரு பாத்துக்குவா?" என்று உன் மாமா கேட்டார். "எனக்குக் கை இருக்குதுங்க" என்றேன்.

சனிக்கிழமை கண்ணுசாமி பஸ்ஸில் வருகிறாள். நீ பஸ் நிற்கும் இடத்துக்குப் போ. அவளுக்குத் துணி ஆறு மடித்து வைத்திருக்கிறேன். மாதாமாதம் அந்த மூன்று நாளும் அவள் பக்கத்தில் போய் உட்கார். அடுத்த அறைக்குப் போகாதே. பேசத் தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. கூச்சமாக இருந்தாலும் உட்கார். லீவுக்கு ஊருக்கு வர மாட்டேன் என்று சொன்னால் கட்டாயப்படுத்தாதே. வருகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடு.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நான் அதை நாலு தடவை படித்துத் தேடிப் பார்த்தேன். பொய் ஒன்றாவது இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டுவிட்டுச் சமாதானமாகியிருப்பேன். சின்னாயி இப்போது என் மடியில் உட்கார்ந்து, நான் எழுதும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

இதற்குப் பதில் எழுதாதே. இனிமேலும் எழுத வேண்டாம்.

பூவாத்தாள்